விற்றமின் குளிசை வீண் காசா? பேப்பர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கல்லடியான்:
"விற்றமின் குளிசை வீண் செலவு, ஆபத்தும் கூட" என்ற தலைப்போடு ஒரு பேப்பர் செய்தி எங்கள் வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. அதை வாசித்துவிட்டு என் பெரியம்மா பி12 குளிசையை நிறுத்திவிட்டா. நீரிழிவுக்கு நெடுங்காலமாக மெட்போமின் குடிக்கிறவ, மச்சம் தொடாதவ. மெட்போமின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மரக்கறியில் பி12 கிடையாது. கால் விறைப்பை வீட்டில் எல்லோரும் "சீனி வருத்தம்தானே" என்று விட்டிருந்தார்கள். கிளினிக் டொக்டர்தான் இரத்தம் சோதித்து பி12 குறைவு என்று பிடித்தார். இப்போது ஒரு தலைப்பு அவவைப் பயப்படுத்திவிட்டது.

செய்தியை முழுக்க வாசித்தேன். அது சொல்லும் ஆய்வு பின்லாந்தில் நடந்து 1994இல் வெளியானது. 29,133 பேர். அன்றாடம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (உடம்பில் விற்றமின் ஏயாக மாறும் சத்து) குடித்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்த எல்லோருமே 50 முதல் 69 வயதுக்கு உட்பட்ட, சிகரெட் பிடிக்கும் ஆண்கள். செய்தியில் சிகரெட் பற்றி ஒரு சொல் இல்லை. சிகரெட்டை வாழ்நாளில் தொடாத என் பெரியம்மாவுக்கும் வேறொரு விற்றமினுக்கும் அதை எப்படிப் பொருத்துவது?

இன்னொரு ஆய்வு 1991இல் வந்தது. முன்பு முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, அடுத்த பிள்ளை தங்குவதற்கு முன்பிருந்தே 4 மில்லிகிராம் போலிக் அமிலம் என்ற பி விற்றமினைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே குறை மீண்டும் வருவது 72 வீதம் குறைந்தது. ஒரு குளிசையால் கிடைத்த இந்தப் பலன் அந்தச் செய்தியில் எங்கே?

கல்முனை ராத்தா:
தம்பி, முதலில் பெரியம்மாவை டொக்டரிடம் திரும்பக் கூட்டிப் போங்கள். அந்தக் குளிசையை நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை.

ஆனால் உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. சோதித்துப் பார்த்து, குறை கண்டு, அளவு சொல்லிக் கொடுத்தது பெரியம்மாவின் பி12. அதைக் காட்டி, கடைத்தட்டில் நிற்கும் நூறு சத்துமா டின்னுக்கும் நல்ல பெயர் வாங்கித் தர முடியாது. நான் தாய் சேய் கிளினிக்குகளில் நெடுங்காலம் வேலை செய்தவள். இரும்புக் குளிசை, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் சி எல்லாம் அங்கே இலவசம். கல்யாணம் முடித்த புதிதிலேயே போலிக் அமிலம் கொடுக்கிறோம். ஏனென்றால் முள்ளந்தண்டுக் குழாய் மூடுவது கருத்தங்கி 28 நாளுக்குள். பலருக்கு அப்போது வயிற்றில் பிள்ளை இருப்பதே தெரியாது.

வீடுகளுக்குப் போனால் என்ன பார்த்தேன் தெரியுமா? கிளினிக் தந்த இரும்புக் குளிசை அட்டை உடைக்காமல் அலுமாரிக்குள். கேட்டால் "வயிறு எரியுது, மலம் கறுப்பாப் போகுது" என்பார்கள். குடிக்கிறவர்களும் தேத்தண்ணியோடு குடிப்பார்கள், அப்படிக் குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. அதே அலுமாரியின் மேல்தட்டில் "பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு" என்று படம் போட்ட டின். புருசனின் நாட்கூலியில் பாதி அதற்குள் போயிருக்கும். அந்த டின்னை வாங்க வைத்தது யார்? நீங்கள் குறை சொல்லும் அதே பேப்பரும் ரேடியோவும்தான்.

முதல் பக்கத்தில் "விற்றமின் ஆபத்து". உள்பக்கத்தில் முழங்கால் வலி, ஞாபகசக்தி, ஆண்மைக்குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல் என்று, செய்தி போலவே தலைப்பும் படமும் போட்ட விளம்பரம். "விளம்பரம்" என்ற சொல் மூலையில் எறும்பளவில் இருக்கும்.

அக்கரை ஜிம்:
ராத்தா, நீங்கள் சொல்வதில் ஞாயம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுகிறீர்கள். புரோட்டீன் மா என்றால் பாலிலிருந்து எடுத்த புரதம், அவ்வளவுதான். கிரியேட்டின், அதாவது தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் பொருள், நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. பாரம் தூக்குகிறவர்களுக்குப் பலம் கூடுவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் எங்கேயாவது ஒரு பொடியனுக்குச் சிறுநீரகம் பழுதானால் "ஜிம் பவுடர் குடித்தவர் ஆஸ்பத்திரியில்" என்றுதான் போடுகிறார்கள். அவன் ஸ்டீரொய்ட் ஊசி போட்டானா, முதலிலேயே நோய் இருந்ததா, ஒன்றும் எழுதுவதில்லை. என் உம்மா அதை வாசித்துவிட்டு டின்னைத் தூக்கி எறியச் சொல்கிறா.

கல்முனை ராத்தா:
உம்மா பயப்படுவது சரியான இடத்தில்தான், மகன். அந்த டின் எங்கிருந்து வந்தது? கட்டாரிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியிலா, பேஸ்புக்கில் விற்கிறவரிடமா? அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இவற்றை விற்கும் முன் பலன் தருகிறது என்று அரசுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. உடம்பு மெலியவும் தசை ஏறவும் விற்ற பொருட்களில் சொல்லாமல் மருந்தும் ஸ்டீரொய்டும் கலந்திருப்பதை அந்த நாட்டு அதிகாரிகளே பலமுறை பிடித்திருக்கிறார்கள். இங்கே 2015ஆம் ஆண்டின் மருந்து ஒழுங்குபடுத்தும் சட்டம் மருந்துக்கும் உணவுக்கும் எல்லையில் நிற்கும் பொருட்களையும் சேர்க்கிறது. ஆனால் பெட்டியில் வருவதை யார் சோதிப்பது? லேபிளில் "விசேட கலவை" என்று மட்டும் இருந்து, எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லாவிட்டால் கையால் தொடாதீர்கள்.

கல்லடியான்:
கலப்படம் வேறு கேள்வி. நான் செய்தி எழுதும் முறையைச் சொல்கிறேன்.

கல்முனை ராத்தா:
சரி, செய்தியையே பேசுவோம். 2020 டிசம்பரில் கேகாலையில் கொடுத்த அந்த மருந்துப் பாணியை மறந்துவிட்டீர்களா? கொரோனாவுக்கு மருந்து என்று டீவி கமெரா போய் நின்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் குடித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அடுத்த மாதம் அமைச்சருக்கே கொரோனா வந்தது. நம் நாட்டு ஊடகம் இந்தப் பொருட்களுக்கு எதிரி என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

படுவான்கரைத் தாய்:
நீங்கள் மூவரும் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது திரிபோஷா மட்டும்தான். சோளமும் சோயாவும் அரைத்து விற்றமின் சேர்த்த மா. 1973 முதல் நாட்டில் கொடுக்கிறார்கள். 2022இல் அதில் அஃப்லாடொக்சின் என்று செய்தி வந்தது. சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் நஞ்சு. அதிகாரிகள் மறுத்தார்கள். எந்தத் தொகுதி, எத்தனை மாதப் பிள்ளைக்கு, வீட்டில் இருக்கிற பக்கெட்டை என்ன செய்வது, அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பது என்று நான் பார்த்த ஒரு செய்தியிலும் இல்லை. மிட்வைஃப் வரும் வரை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் மாவைக் கோழிக்குப் போட்டார்கள். அரிசி, பருப்பு விலை ஏறிக்கிடந்த வருசம் அது. நிறை குறைந்த பிள்ளைக்கு அன்று வெறும் சோறும் சொதியும்தான்.

பயப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அடுத்த வேளைக்கு என்ன என்று ஒரு வரி எழுதத் தெரியாதா?

கல்லடியான்:
அக்கா, நான் சொல்ல வந்ததும் இதுதான். யாருக்கு, எவ்வளவு, எதற்குப் பதிலாக என்ற மூன்றும் இல்லாத செய்தி ஆளைக் கெடுக்கும்.

கல்முனை ராத்தா:
அந்த மூன்றையும் விற்கிறவனிடமும் கேளுங்கள் என்கிறேன். 2018இல் வந்த அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். 25,871 பேர், விற்றமின் டி, மீன் எண்ணெய். புற்றுநோயும், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளும் மொத்தமாகப் பார்த்தால் சொல்லும்படி குறையவில்லை. விற்பனை மட்டும் நிற்கவில்லை.

கல்லடியான்:
அதில் பெரும்பாலானோருக்கு விற்றமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. வயிறு நிறைந்தவனுக்குச் சோறு கொடுத்துவிட்டு, சோற்றால் பலனில்லை என்று எழுதுவதா? மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களில் இருதயப் பாதிப்புக் குறைந்ததற்கான அடையாளமும் அதே ஆய்வில் இருந்தது.

கல்முனை ராத்தா:
மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களில்! நாம் சூடை மீனும் கீரி மீனும் கரைவலையில் ஏறும் கரையில் இருக்கிறோம், தம்பி. சூடை மலிந்த நாளில்கூட மீன் எண்ணெய்க் குளிசைக்குக் காசு கட்டுகிற வீடுகள் கல்முனையில் இருக்கின்றன.

அக்கரை ஜிம்:
மச்சம் தொடாத பெரியம்மாவுக்குச் சூடை எப்படி உதவும், ராத்தா?

கல்முனை ராத்தா:
அவவுக்குக் குளிசைதான். நான் அதை மறுக்கவே இல்லையே.

கல்லடியான்:
பேப்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். பின்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள் என்பதையும், டொக்டர் தந்த குளிசையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போடச் சொல்லி. நீங்கள் எல்லோரும் பெயர் போடுவீர்களா?

படுவான்கரைத் தாய்:
பிள்ளைகளின் மாவைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்தால் போடுகிறேன்.

கல்முனை ராத்தா:
உள்பக்கத்து முழங்கால் போத்தல் விளம்பரத்தையும் எழுதுங்கள். அது இல்லாத கடிதத்தில் என் பெயர் வராது.