சின்ன விமானக் கம்பெனிகள்: மனதை விட்டுப் போகாத ஒரு நாள்

அல்சூர்வாசி:
2004. பெங்களூரின் பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையம், சென்னைக்கு ஏர் டெக்கான். சீட் நம்பர் கிடையாது, போனவர்களுக்குத் தெரியும். எல்லாரும் படிக்கட்டைப் பார்த்து ஓடினார்கள். அப்பா முந்தி ஏறி, தோளில் இருந்த துண்டை ஜன்னலோர சீட்டில் போட்டு வைத்தார், அம்மாவுக்காக. "இது என்ன திருவள்ளுவர் பஸ்ஸா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த மடிப்புதான் கண்ணில் நிற்கிறது. கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி விழுங்காமல் இருந்திருந்தால் ஏர் டெக்கான் இன்றும் பறந்திருக்கும்.

கணக்கர்:
விழுங்கியதால் போனது என்பதை ஏற்க மாட்டேன். 2003இல் 48 சீட் ஏடிஆர் என்ற சின்ன விமானத்தை வைத்து, பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஹூப்ளி போன்ற ஊர்களுக்கு, ஏர் டெக்கானை ஆரம்பித்த கோபிநாத் விட்டாரே, அது நல்ல கணக்கு. அப்புறம் பெரிய ஏர்பஸ் விமானங்களை எடுத்துப் பெரிய ஊர்களுக்குப் போட்டி போட்டு, ஒரு ரூபாய் டிக்கெட்டும் விற்றார்கள். 2007இல் கிங்ஃபிஷர் முதலாளி மல்லையா பங்கு வாங்கியபோதே நஷ்டம்தான். 2008இல் கிங்ஃபிஷர் ரெட் என்று பெயர் மாறியது, 2012இல் மொத்தமும் நின்றது. நான் ஒரே தடவை போனேன், தண்ணீர் பாட்டிலுக்குக் காசு வாங்கினார்கள், அவ்வளவுதான். இனி யாராவது சின்னக் கம்பெனியில் டிக்கெட் எடுத்தால், அவர்களிடம் எத்தனை விமானம் என்று முதலில் பாருங்கள். ஒன்று பழுதானால் அன்றைய எல்லா ஊரும் ரத்தாகும். கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்விடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், கம்பெனி மூடினாலும் பேங்கில் கேட்கலாம்.

தேவனஹள்ளி ஷிப்ட்:
நான் விமானக் கம்பெனி கவுன்டருக்கு இந்தப் பக்கம், ஊழியனாக நின்றவன். கம்பெனி பெயர் வேண்டாம். வாடகை பாக்கி, விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குச் சொன்னது காலை நாலு மணிக்கு. வரிசையில் எல்லாரும் திட்டினார்கள், நியாயம்தான். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அக்கா மட்டும் குனிந்து, "தம்பி, உங்களுக்குச் சம்பளம் வந்துச்சா?" என்று கேட்டார். மூன்று மாதமாக வரவில்லை. வந்தது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அல்சூர்வாசி:
கணக்கர் சார், நாங்கள் ஒரு ரூபாய் டிக்கெட்டில் போகவில்லை. மூன்று பேருக்கும் முழுக் காசு. அப்பாவின் பென்ஷன் பணம்.