அம்மாவுக்குத் தெரியாமலே மலம் கசியுது: எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்?

மஸ்கெலியா மகள்

வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு. சீனி வருத்தத்துக்கு மெட்போமின் பல வருஷமா எடுக்கிறாங்க. இரத்தம் குறைவுன்னு மூணு மாசமா இரும்புச்சத்து மாத்திரையும் குடுத்திருக்காங்க. இப்ப ரெண்டு மாசமா நாலஞ்சு நாளைக்கு ஒருக்காதான் வெளிக்குப் போறாங்க, அதுவும் கொஞ்சமா. ஆனா துணியில தண்ணியா கறை படுது, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. வருதுன்னு அவங்களுக்கே தெரியல. பாதம் மரத்திருக்கு, அது ரொம்ப நாளாவே இருக்கு. இரத்தம் எதுவும் கண்ணுல படல.

லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) எல்லாரும் மூலம்னு சொல்றாங்க. வயித்தோட்டத்தை நிறுத்துற மாத்திரை வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. அம்மா வெட்கத்துல டொக்டர்கிட்ட இதைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. எது ஆறுதலா பார்க்கலாம், எது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

மலைநாட்டுத் தாதி

தங்கச்சி, முதல்ல காத்திருக்கக் கூடாததைச் சொல்லிடுறேன்.

இடுப்பு வலியோட ரெண்டு காலும் இழுக்குது, பலம் குறையுது. உட்காரும்போது பலகையில படுற இடம், அதாவது தொடையின் உட்பக்கமும் மலவாசலைச் சுத்தின இடமும், மரத்துப் போச்சு. மூத்திரம் வரல, இல்லன்னா வந்தது தெரியல. அதோட மலமும் கட்டுப்பாடில்லாம போகுது. இதுல அந்த இடத்து மரப்போ மூத்திரக் கோளாறோ தனியா புதுசா வந்தாலும், ரெண்டு மூணு சேர்ந்து வந்தாலும் அன்னைக்கே, அந்த மணித்தியாலத்திலேயே புறப்படணும். முதுகெலும்பின் அடிப்பகுதியில கொத்தா இறங்குற நரம்புகளை, எலும்புகளுக்கு நடுவுல இருந்து விலகின தட்டோ வேற ஏதுமோ நசுக்குறதா இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைன்னா சீக்கிரமா ஒப்பரேஷன் செய்யணும். நாள் கடந்தா அந்த நரம்பு திரும்பி வராமலே போகலாம். கொழுந்துக் கூடையோட சரிவுல சறுக்கி விழுந்தவங்க, பாரம் தூக்கிறவங்க வீட்டுல இதை எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருக்கணும்.

அம்மாவோட பாதம் மரத்தது வேற மாதிரி தெரியுது. சீனியால வர்ற மரப்பு ரெண்டு உள்ளங்காலிலும் தொடங்கி, மேசு போட்ட மாதிரி வருஷக் கணக்கில மெதுவா மேல ஏறும். இருந்தாலும் மலவாசலைச் சுத்தித் தொட்டா உணர்ச்சி இருக்கா, கழுவும்போது தண்ணி படுறது தெரியுதா, மூத்திரம் வழமை மாதிரி போகுதான்னு இன்னைக்கே கேளுங்க.

முகம் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, அதோட மலம் போனாலும் உடனே போகணும். தார் மாதிரி கறுத்து, பிசுபிசுன்னு கடும் நாத்தத்தோட போய்த் தலை சுத்தினாலும், வயிறு உப்பி வாந்தி வந்து காத்துகூடப் பிரியலன்னாலும், காய்ச்சலோட இரத்தமும் சீதமும் போனாலும் அப்படியே. இரும்பு மாத்திரையாலயும் மலம் கறுக்கும். ஆனா அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாத்தமும் இருக்காது.

1990க்கு எடுத்தா அம்பியூலன்ஸுக்குக் காசு இல்ல. தோட்டத்துப் பேரு, டிவிஷன், பக்கத்துல இருக்கிற கோயில் அல்லது பெக்டரி எதுன்னு தெளிவா சொல்லுங்க. லயம் வரைக்கும் பாதை சரியில்லன்னா எந்தச் சந்தியில நிப்பீங்கன்னு முன்கூட்டியே பேசிக்குங்க. விழுந்து வந்த முதுகு வலின்னா உட்கார வைச்சுத் தூக்காம, பலகையில நேரா படுக்க வைச்சுக் கொண்டு வாங்க.

மருந்தகக்காரர்

மஸ்கெலியா மகளுக்கு: வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது வயிற்றோட்டம் போலத் தெரியவில்லை. நாலைந்து நாள் போகாத மலம் குடலின் கடைசிப் பகுதியில் இறுகிக் கட்டியாக நிற்கும். மேலிருந்து வரும் தண்ணீர் மலத்துக்கு வழி இல்லாததால் கட்டியின் ஓரமாக வழிந்து இறங்கும். கட்டி குதத்தை விரித்தே வைத்திருப்பதால் அங்குள்ள தசை தளர்ந்துவிடும். மலம் வந்துவிட்டது என்ற உணர்வும் மங்கிவிடும். அதனால்தான் அம்மாவுக்குத் தெரியவில்லை. இதை வயிற்றோட்டம் என்று எண்ணி அதை நிறுத்தும் லொபரமைட் மாத்திரை கொடுத்தால் கட்டி இன்னும் இறுகும். பேதி மருந்தைக் கூட்டிக் கொடுப்பதும் ஆபத்து, கட்டி அசையாமல் வயிற்று வலியும் வாந்தியும் வரலாம். டொக்டர் கையுறை போட்டு விரலால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டி இருந்தால் எனிமாவோ, வாய்வழி மருந்தோ கொடுத்து முதலில் வெளியேற்றுவார்கள். பிறகு தினமும் இளக்கும் மருந்து. லக்டுலோஸ் பாணி என்றால் 15 மில்லிலீற்றரில் தொடங்குவது வழமை. வேலை செய்ய இரண்டு நாள் வரை எடுக்கும், குடித்த அன்றே போகவில்லை என்று இரட்டிப்பாக்காதீர்கள்.

இரும்பு மாத்திரை மலத்தை இறுக்கும். கசிவு தொடங்கியது அதற்கு ஒரு மாதம் கழித்து என்பதையும் கவனியுங்கள். வலி மாத்திரைகளான ட்ரமடோல், கோடீன், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கல்சியம் மாத்திரை ஆகியவையும் இறுக்கும். மெட்போமின் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், இளக்கிவிடும். மக்னீசியம் சேர்ந்த காஸ் மருந்துகளும் அப்படித்தான். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று டொக்டர்மார் மாற்றுவதுண்டு, மெட்போமினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதும் உண்டு. இரும்பு மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சேருவது மிகக் குறைவு. மாத்திரைக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியாலமாவது, முடிந்தால் இரண்டு, இடைவெளி இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் கக்கூஸ் இல்லாததால் கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள், வெளிக்கு வந்தாலும் அடக்குகிறார்கள். மலம் இறுகுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

சத்திரசிகிச்சை கிளினிக்

கட்டி நின்று கசிவதாகவே இருந்தாலும் விஷயம் அதோடு முடியாது. 63 வயதில் இரத்தம் ஏன் குறைந்தது?

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புக் குறைவால் சோகை வந்தால், குடலில் எங்காவது கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சாப்பாட்டுக் குறைவு என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அதோடு மலம் போகும் வழக்கமும் மாறியிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்துவது டொக்டரின் வேலை. பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கும். ஆனாலும் பார்க்காமல் விட முடியாது.

மற்றவர்களும் வாசிப்பதால் சொல்கிறேன். நடுவயது தாண்டியவருக்கு மூன்று வாரத்துக்கு மேலாக வழக்கம் மாறியிருந்தால், மலத்தோடு கலந்து இரத்தம் வந்தால், காரணமில்லாமல் மெலிந்தால், போய்விட்டு வந்தும் இன்னும் மீதி இருப்பது போலவே இருந்தால், பெற்றோர் கூடப்பிறந்தவரில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், ஒன்றிரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள். மூலம் இருப்பது நிஜமாகவே இருக்கலாம். மூலம் இருக்கிறது என்பதால் மேலே வேறொன்று இல்லை என்று ஆகாது. எண்ணெய் பூசிப் பூசி மாதங்கள் போவதுதான் பெரிய நட்டம்.

குடும்பநல அக்கா

பிள்ளை பெத்த பொண்ணுங்களைப் பத்தியும் பேசணும், ஏன்னா அவங்க யாருமே வாய் திறக்கிறதில்ல. பிரசவத்தில கிழிவு மலவாசல் தசை வரைக்கும் போயிருக்கலாம். முதல் பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்தது, நாலு கிலோவுக்கு மேல பிள்ளை, இதிலெல்லாம் வாய்ப்பு கூட. பிறகு காத்தை அடக்க முடியாது. வெளிக்கு வந்தா கக்கூஸ் வரைக்கும் தாங்காது. வீட்டுக்கு வர்ற குடும்பநல உத்தியோகத்தர்கிட்ட (மருத்துவிச்சிகிட்ட) முதல் வருகையிலேயே சொல்லிடுங்க. தையல் பிரிஞ்சு நாத்தம், காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. பிறப்புறுப்பு வழியா காத்தோ மலமோ வந்தா அது ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழுந்ததோட அடையாளம், தானா சரியாகும்னு காத்திருக்க வேண்டாம்.

அந்தக் காலத்துக் கிழிவு, மாதவிடாய் நின்ன பிறகு தசை தளரும்போது முதல் தடவையா கசிவா வர்றதும் உண்டு. அதனால அம்மாவோட பிரசவங்கள் எப்படின்னு கேட்டுக் குறிச்சு வைங்க. 35 வயசு தாண்டினவங்களுக்கான வெல் வுமன் கிளினிக்கிலயும் (பெண்களுக்கான சுகப் பரிசோதனைக் கிளினிக்) இதைத் தாராளமா சொல்லலாம்.

பயிற்சி: காத்து பிரியாம அடக்குற மாதிரி மலவாசலை உள்ளுக்கு மேல இழுங்க. அஞ்சு எண்ணும் வரை பிடிச்சு, அஞ்சு எண்ணும் வரை விடுங்க. ஒரு நேரத்துக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு நேரம். மூச்சை அடக்கக் கூடாது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. பலன் தெரிய மூணு மாசம் ஆகும், மூணு வாரத்தில விட்டுடாதீங்க.

நாலு வயசு தாண்டின பிள்ளை ஜட்டியில போறதும் பெரும்பாலும் இதே இறுகின மலத்தாலதான். அடிக்காதீங்க, அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சு நடக்கிறதில்ல. பிறந்த ரெண்டு நாளைக்குள்ள முதல் மலம் போகாத பிள்ளை, வயிறு எப்பவும் வீங்கியிருக்கிற பிள்ளை, கால் பலமில்லாத பிள்ளை, அடிமுதுகில குழியோ முடிக்கொத்தோ இருக்கிற பிள்ளைன்னா டொக்டர்கிட்ட கட்டாயம் காட்டணும்.

மஸ்கெலியா மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேட்டுப் பார்த்தேன், மூத்திரம் ஒழுங்கா போகுது, கழுவும்போது தண்ணி படுறது தெரியுதாம். இந்தக் கிழமையே கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். என்ன கொண்டு போகணும்? பஸ்ஸில போகும்போது கசிஞ்சிடும்னு அம்மா பயப்படுறாங்க. ஒரு மாத்திரை போட்டுக் கூட்டிப் போகலாமா?

மலைநாட்டுத் தாதி

மாத்திரை வேண்டாம், மருந்தகக்காரர் சொன்ன அதே காரணம்தான். விரல் சோதனையில கட்டி இல்லன்னு தெரிஞ்ச பிறகு, டொக்டர் சொன்னா, பயணத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி 2 மில்லிகிராம் லொபரமைட் ஒண்ணு எடுக்கிற வழக்கம் இருக்கு. அது அடுத்த தடவைக்குப் பார்க்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது: புறப்பட ஒரு மணித்தியாலம் முந்தி சாப்பாடும் சூடா ஏதாவது குடிக்கவும் குடுங்க. சாப்பிட்டு கால் மணி, அரை மணி நேரத்தில குடல் தானா அசையும், அப்ப கக்கூஸில பத்து நிமிஷம் உட்காரட்டும், முக்க வேண்டாம். முழங்கால் வலியால குந்த முடியலன்னா கொமட் கதிரை, காலுக்குக் கீழ சின்னப் பலகை. பெரியவங்க கட்டுற பேட் ஒண்ணு கட்டி, மாத்துத் துணியும் ஒரு போத்தல் தண்ணியும் பையில வைங்க. கழுவின இடத்தை ஒத்தித் துடைச்சு சிங்க் கிரீமோ வஸ்லினோ மெல்லிசா பூசுங்க. டெட்டோல் போடாதீங்க, தோல் எரிஞ்சு புண்ணாகும். மழை நாள்ல அரைகுறையா காஞ்ச துணியைக் கட்டினா படை வரும்.

கொண்டு போக வேண்டியது கிளினிக் கொப்பி, குடிக்கிற எல்லா மருந்தும் உறையோட, பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டு. அதோட ஒரு தாள்ல எத்தனை நாளைக்கு ஒருக்கா போறாங்க, கட்டியா தண்ணியா, வர்றது தெரியுதா, எத்தனை தடவை துணி மாத்துறீங்க, எடை குறைஞ்சிருக்கா, எந்த மாசம் தொடங்கினதுன்னு எழுதுங்க. அம்மா வாயால சொல்லத் தேவையில்ல, தாளை டொக்டர் கையில குடுத்தா போதும். சிங்களத்தில கேட்டுப் புரியலன்னா தமிழ் தெரிஞ்ச தாதியைக் கூப்பிடச் சொல்லுங்க, விரல் சோதனைக்குப் பெண் ஒருத்தர் கூட நிக்கணும்னும் கேட்கலாம். இரத்தக் குறைவுக்கு என்ன காரணம்னு பார்த்தாங்களான்னு நீங்களே கேளுங்க. மருந்து மட்டும் எழுதினா, சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு தருவீங்களான்னும் கேட்டுட்டுத்தான் எழும்பணும். நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பினாங்கன்னா அந்தத் திகதியைத் தவற விடாதீங்க.