அவசரம், அசிம்டோட்னா என்னன்னு சுலபமா சொல்லுங்க

லயத்துவீடு: வணக்கம், மகளுக்கு நாளைக்கு டெஸ்ட், அசிம்டோட் புரியலன்னு அழுவுறா, நான் படிச்சது மூனாம் படிவம் வரைக்குந்தான், இங்க சுங்கை சிப்புட்ல இந்நேரத்துக்கு டியூஷன் டீச்சர எங்க போய் தேடுறது, கிட்ட போவுமாம் தொடாதாம், கால்குலேட்டர்ல எரர் வேற வருது. யாராச்சும் சொல்லுங்களேன்

செம்பனை: எந்த படிவம்க்கா? எந்த கிராஃப், 1/எக்ஸா, கோணத்துக்கு போடுற டேனா (tan)? என்ன நம்பர் போட்டா எரர்?

தோட்டத்துப்பையன்: கால்குலேட்டர் ரேடியன்ல (கோணத்துக்கு இன்னொரு அளவு) இருக்கும், டிகிரிக்கு மாத்துங்க, சரியாயிரும்

பால்மரம்: தைப்பூசத்துக்கு பத்துமலை போவ பஸ் எடுக்குறோம்னு வைங்க. வாடகை 1200 வெள்ளி, சாப்பாடு ஆளுக்கு 10 வெள்ளி. 10 பேர்னா தலைக்கு 130, 40 பேர்னா 40, ஒரு பேச்சுக்கு அதே பஸ்ஸுல 1200 பேர் ஏறுனாலும் 11. ஆள் கூட கூட 10 வெள்ளிய நெருங்கிட்டே போவும், ஆனா வாடகைல ஒரு பங்கு எப்பவும் இருக்கே, 10க்கு வந்து சேரவே சேராது. அந்த 10ல போடுற கோடுதான் அசிம்டோட்.

கணக்குவாத்தி: "தொடாது"ன்னு சொல்லிக் குடுக்குறதே தப்பு. எக்ஸை, எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 1ஆல வகுத்து கிராஃப் போட்டுப் பாருங்க. அதோட அசிம்டோட்டான படுக்கக் கோட்டை 0ல வெட்டிட்டுத்தான் போவுது, அப்புறமாத்தான் ஒட்டிப் போவும். அடிப்படை தெரியாம விளக்க வந்துர்றாங்க.

பால்மரம்: சார் சரிதான், ஆனா டெஸ்டுக்கு முந்தின ராத்திரி அந்த பிள்ளைக்கு இது வேணுமா?

கணக்குவாத்தி: வேணும். தமிழ்நாட்டு புத்தகத்துல பேரே தொலைத்தொடுகோடு. தொலைவுல போய் தொடுறதுன்னு அர்த்தம்.

மலைச்சாரல்: இலங்கையில அணுகுகோடுன்னு சொல்லுவாங்க, அதுதான் பொருத்தம். கிரேக்க சொல்லுக்கே 'சேர்ந்து விழாதது'ன்னுதான் பொருள், அப்புறம் எங்க தொடுறது?

கணக்குவாத்தி: பேர வச்சு கணக்கு போட முடியாது தம்பி.

மலைச்சாரல்: பேர ஆரம்பிச்சதே நீங்கதானே சார்

லயத்துவீடு: படிவம் 5. டேன். 90 போட்டா எரர்

செம்பனை: இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. ரேடியன் பிரச்சனை இல்ல, ரேடியன்ல இருந்தா 90க்கு எரரே வராது, -1.995ன்னு ஏதோ காட்டும். மகள 89, 89.9, 89.99ன்னு ஒன்னொன்னா அமுக்க சொல்லுங்க. 57, 573, 5730ன்னு ஏறிட்டே போவும். 91 போட்டா -57, அந்தப் பக்கம் அடியில கெடக்கும். நடுவுல 90ல விடையே இல்ல, அங்க நேரா நிக்குற கோடுதான் அசிம்டோட். 270லயும் ஒன்னு இருக்கு, அதையும் புள்ளிக்கோடா போட சொல்லுங்க.

லயத்துவீடு: அமுக்கிப் பாத்தா. இப்ப அவளே எனக்கு சொல்லிக் குடுக்குறா. நன்றி தம்பி