உடை களைந்தா, களைத்தா? அவசரம்

பனைக்குளம்கடை: போர்டு ஒன்று அடிக்க வேண்டும். 'உடை களைத்து' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சரியா? துணியைக் கழற்றுவதற்கும் களைப்புக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மிஷின் ஓடுகிறது, சீக்கிரம்.

தொண்டிக்காரன்: முழு வாக்கியத்தைப் போடுங்கள் அண்ணே. எங்கே வைக்கிற போர்டு? துணிக்கடையா, கோயிலா?

மிளகாய்க்கொல்லை: முண்டு மிளகாய்க் கொல்லையில் களை எடுக்கிறோமே, அதே களைதான். வேண்டாததைப் பிடுங்கிப் போடுவது. மலையாளத்திலும் 'களயுக' என்றால் தூக்கிப் போடுவது. கொச்சியில் நாலு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

எழுத்தாணி: பள்ளிக்கூடத்தில் குறள் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு', 788. களைந்தான் என்றால் நீக்கினான். களைத்தான் என்றால் சோர்ந்தான். 'உடை களைத்து' என்று அடித்தால் வேட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

மண்டபம்பாலம்: ஐயா, அந்தக் குறளில் களைவது துன்பத்தை. துணி தானாக நழுவுகிறது, யாரும் களையவில்லை.

எழுத்தாணி: துணியைக் களைவதாக நான் சொன்னேனா?

கீழக்கரை ராத்தா: எங்கள் வீட்டில் களைவது அரிசியை மட்டும்தான். சட்டையைக் கழற்றுவோம், முடிச்சை அவிழ்ப்போம், திருக்கைத் தோலை உரிப்போம். 'உடை களைந்து வா' என்றால் பிள்ளைகள் சிரிக்கும்.

தொண்டிக்காரன்: அரிசி களைவது வேறு சொல் ராத்தா. 'கழுவு' என்பதுதான் அப்படி மருவிவிட்டது. கழுநீர் என்கிறோமே.

கீழக்கரை ராத்தா: தம்பி, கழுவுவது பாத்திரத்தை. தவிடும் தூசியும் போக மூன்று தண்ணீர் மாற்றுகிறோமே, அது களைவது. சோறு ஆக்கியதுண்டா நீங்கள்?

மிளகாய்க்கொல்லை: அப்போ அதுவும் நீக்குவதுதான். நான் சொன்னதேதான்!

மண்டபம்பாலம்: கேட்டவர் எங்கே?

பனைக்குளம்கடை: கரண்டு போய்விட்டது. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் (கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்கள்) பக்கம், குளிக்கிறவர்கள் பார்க்க வைக்க. 'உடை களைத்து கடலில் விடாதீர்'.

எழுத்தாணி: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? 'உடைகளைக் களைந்து கடலில் விடாதீர்கள்'. அந்த 'க்' முக்கியம்.

கீழக்கரை ராத்தா: ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறவர் 'க்' பார்ப்பாரா? 'கழற்றிய துணியைக் கடலில் போடாதீர்' என்று போடுங்கள்.

பனைக்குளம்கடை: ராத்தா சொன்னதையே அடித்துவிட்டேன், நன்றி. இடம் போதாமல் 'போடா' ஒரு வரியிலும் 'தீர்' அடுத்த வரியிலும் விழுந்துவிட்டது.