மாமா கடையில் வேலைக்குச் சேர்வது அவிசுவாசமாகுமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 34 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன் ஆட்குறைப்பில் வெளியே வந்து, இப்போது அம்மாவுடனும் தங்கையுடனும் ஊரில் இருக்கிறேன். வருங்கால வைப்பு நிதியில் வந்த பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. தங்கைக்கு வரன் பார்க்கும் பேச்சை அம்மா எடுப்பதும், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

கடந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட அட்டை), நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுப்பேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 இருந்தது. அதை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். சில வாரங்கள் கழித்து எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர், இரண்டு மாதத்தில் பெரிய கதவு திறக்கும் என்றும், அதுவரை சிறிய கதவுகளைத் தட்டினால் அது அவிசுவாசம் என்றும் சொன்னார். இரண்டு மாதம் போய் ஐந்து மாதம் ஆகிறது. தாய்மாமா தம்முடைய பெயிண்ட், ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்க வரச்சொல்கிறார். போனால் தேவன் சொன்னதை நம்பாதவனாகிவிடுவேனோ என்ற பயமும், போகாமல் இருந்தால் வீட்டின் பசியை விசுவாசம் என்று பெயரிட்டு மறைக்கிறேனோ என்ற குற்ற உணர்வும் என்னைத் தூங்கவிடுவதில்லை. வேதத்தை ஆழமாக வாசித்தவர்கள் பதில் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அந்த அட்டையைக் கிழிக்க வேண்டாம். ஆனால் அட்டையில் அச்சாகாத பத்து வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். எரேமியா 29 அந்தத் தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதம். கி.மு. 597-இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதி அனுப்பப்பட்டது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்றுதான் அது தொடங்குகிறது. அதன் பிறகு 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு வருகிறது. அன்று முப்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்ட ஒருவர் தாம் ஊர் திரும்புவோம் என்று எண்ணியிருக்க முடியாது. நம் சபைகளில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 11-ஆம் வசனம் அந்த எழுபதை அடுத்தே வருகிறது.

மொழி வாத்தியார் என்பதால் இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று இருப்பதால், நான் எதை எதிர்பார்க்கிறேனோ அதுவே எனக்குக் கிடைக்கும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். எபிரேயத்தில் அங்கே இருப்பவை இரண்டு சொற்கள். பிற்காலமும் நம்பிக்கையும் என்று நேராகச் சொல்லலாம். உங்கள் எதிர்பார்ப்பின் பட்டியல் அதில் இல்லை.

உங்களிடம் இரண்டு மாதம் என்று சொன்னவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து முறித்துப் போடுகிறார். கூட்டத்துக்கு யாருடைய பேச்சு இனித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எரேமியாவும் முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொல்கிறார். அந்த ஆமெனில் அவருடைய ஆசையும் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 32-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். எதிரியின் கைக்குப் போகப்போகும் நிலம் அது. எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்டதையும் திறந்திருந்ததையும் தம் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்தவருக்குக்கூட இந்த நுணுக்கம் புரியும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் ஜெபிக்கிறார். நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறதே, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று அந்த ஜெபத்தில் குழப்பத்தோடு கேட்கிறார். குழப்பம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கடைக்குப் போங்கள்.

பதில்: கடையநல்லூர் கணக்கர்

ஐயா சொன்னதற்கு மேல் வேதத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு நடைமுறை விஷயம் மட்டும். சொந்தக்காரர் கடையில் சேரும்போது சம்பளம், விடுமுறை, நேர்முகத் தேர்வு வந்தால் போய்வர அனுமதி ஆகிய மூன்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டதால் என் மைத்துனரோடு நான்கு வருடம் பேச்சு இல்லாமல் போயிற்று.

பதில்: கடற்கரை அக்கா

இயேசுவுக்கே புகழ். நான் குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளில் ஒன்றில் என் தம்பியும் இருந்தான். அவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

முதல் வாரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும், நம்புங்கள், வருவான் என்றே சொன்னார்கள். கேரளக் கரையில் ஒரு படகு ஒதுங்கியது, லட்சத்தீவில் சிலர் கரை சேர்ந்தார்கள் என்று ஒவ்வொரு செய்தி வரும்போதும் அம்மா அவனுடைய சட்டையை மறுபடி துவைத்துக் காயப்போடுவார். அவன் செல்பேசியின் சார்ஜர் சுவரில் அப்படியே செருகி இருந்தது. அதைக் கழற்றினால் நம்பிக்கையை இழந்தவர்களாகிவிடுவோம் என்று நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஒரு நாள் காலையில் அம்மாவே அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அன்று வீட்டில் யாரும் பேசவில்லை.

உங்கள் கேள்வியை வாசித்தபோது அந்தச் சார்ஜர்தான் நினைவுக்கு வந்தது. கடவுளை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவன் வருவான் என்ற ஒன்றை மட்டும் நம்பியிருந்தோம். அது நடக்காதபோது செபிக்கவே பிடிக்கவில்லை. பிறகு எங்கள் பங்குக் கோவிலில் இருந்த வயதான கன்னியர் ஒருவர் எனக்குத் திருப்பாடல் 88-ஐக் காட்டினார். மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை இறுதியில் புகழ்ச்சிக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. அப்படி முடியும் ஒன்றையும் செபம் என்று திருநூலில் வைத்திருக்கிறார்களே என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. விளக்கம் எதுவும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை, தம்பி. கடவுளிடம் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தங்கையிடம் கையில் எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்த அழுகைதான் புயலைவிட அதிகம் வருத்தியது.

பதில்: தரங்கம்பாடி வாசகர்

அந்த அட்டையின் எழுத்து நம் கைக்கு வந்த வழியையும் சொல்ல விரும்புகிறேன். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, 1708-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கிய அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநரால் கோட்டையில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பின்னர் அவருக்காக அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம் ஏறி வந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. உடன் வந்த அச்சுப்பணியாளர் ஊர் சேராமலே இறந்தார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. 1719-இல் அவர் இறந்தபோது வயது 36, உங்களைவிட இரண்டுதான் அதிகம். பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில் மட்டுமே அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. நீங்கள் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் எரேமியாவை அவர் தமிழில் ஒரு வரிகூடப் பெயர்க்கவில்லை. அந்த வேலையை மற்றவர்கள் முடித்தார்கள்.

கேள்வி கேட்டவர்: பாளையங்கோட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மாமாவைப் பார்த்தேன். கணக்கர் அண்ணன் சொன்னபடி சம்பளத்தை முதலிலேயே பேசினேன். மாமா சிரித்துவிட்டு, பதினைந்தாயிரம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றார். தங்கையிடமும் பணக்கணக்கைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, வங்கிப் புத்தகத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும் மறைத்திருக்கிறாள். அக்கா, உங்கள் தம்பிக்காக இன்று இரவு ஜெபத்தில் திருப்பாடல் 88-ஐ வாசிக்கப் போகிறோம்; எங்கள் வேதாகமத்தில் அது 88-ஆம் சங்கீதம்.