இடுக்கி மாதிரி இருக்கிறது, வாய் இல்லை. இது என்ன கருவி?

துருப்பெட்டி:
தாத்தாவின் கருவிப் பெட்டியைத் துடைக்கும்போது கிடைத்தது. கட்டிங் பிளேயர் போல இரண்டு கைப்பிடி, ஒரு சாண் நீளம். தலைப்பகுதியில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு வட்டச் சில்லு, அதன் மேல் 4 முதல் 12 வரை எண்கள். திருகைத் தளர்த்தினால் சில்லு சுற்றும். கைப்பிடியை அழுத்தினால் சின்னக் கம்பி ஒன்று வந்து சில்லில் முட்டுகிறது. வீட்டில் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள்.

தோல்பை:
பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச். எண்கள் ஓட்டையின் அளவு.

துருப்பெட்டி:
நானும் அப்படி நினைத்து ஒரு பெல்ட்டைக் கொடுத்துப் பார்த்தேன். ஓட்டை விழவில்லை, பள்ளம்தான். கம்பி முனை தட்டை, குழிவு இல்லை.

முப்பட்டை அரம்:
இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்! இது ரம்பத்தின் பல்லைச் சாய்க்கும் ஸா செட். சில்லின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், சரிவாகச் சீவியிருக்கும். கம்பி பல்லைத் தள்ளி அந்தச் சரிவில் படிய வைக்கும்.

கைரம்பத்தை நுனியிலிருந்து பாருங்கள். ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் வெட்டும் தடம் தகட்டைவிட அகலமாகி, ரம்பம் மரத்தில் இறுகாமல் ஓடுகிறது. அரம் போட்டுப் போட்டுப் பல் தேயும்போது சாய்வும் போய்விடும். எண் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பது. அதை அப்படியே நம்ப வேண்டாம், 8 பல் ரம்பத்துக்கு, சாய்வு குறைவாக விழும் 10-ல் தொடங்குங்கள். ஒன்று விட்டு ஒன்றாக அழுத்தி, ரம்பத்தைத் திருப்பி மிச்சத்தைச் செய்யுங்கள். பல்லின் மேல் பாதி மட்டும், ஏற்கெனவே சாய்ந்த பக்கமே. எதிர்ப்பக்கம் வளைத்தால் ஒடியும்.

துருப்பெட்டி:
சரிவு இருக்கிறது சார்! ஆசையில் புது ரம்பத்தில் போட்டேன். மூன்றாவது பல் டக்கென்று ஒடிந்தது. சாய்ந்த பக்கம்தான் அழுத்தினேன்.

முப்பட்டை அரம்:
பல் நுனி கருநீலமாக இருக்கிறதா? அப்படியென்றால் கடினமாக்கிய பல். அரமும் ஏறாது, சாய்க்கவும் முடியாது. ஒரு பல் போனால் பாதகமில்லை, அறுக்கும். பழைய ரம்பத்தில் செய்யுங்கள்.

துருப்பெட்டி:
பெட்டியில் கிடந்த ரம்பத்தில் செய்தேன். முன்பு பாதி மரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும், இப்போது சரசரவென்று இறங்குகிறது. ஆனால் போட்ட கோட்டிலிருந்து விலகி இடப்பக்கம் இழுக்கிறது.

முப்பட்டை அரம்:
அந்தப் பக்கப் பற்கள் கூடுதலாகச் சாய்ந்திருக்கின்றன. எண்ணெய்க் கல்லை (உளி தீட்டும் கல்) இடப்பக்கப் பற்களின் மேல் படுக்க வைத்து, நுனி வரை லேசாக ஒரே இழுப்பு. அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது இழுப்பு.

துருப்பெட்டி:
இரண்டு இழுப்பில் நேராகிவிட்டது. நன்றி சார்.

தோல்பை:
பஞ்ச் என்று சொன்னது என் தப்பு. அந்த பெல்ட் தேறுமா?

துருப்பெட்டி:
பள்ளம் விழுந்த பக்கம் சட்டைக்குள் போய்விடுகிறது, பரவாயில்லை.