தாளடி உழவில் ரோட்டவேட்டர்: கத்தியைச் சுற்றும் வைக்கோலும் வரப்போரத்துச் சத்தமும்

கேள்வி (மன்னார்குடிப் பக்கம்)

வணக்கம். எங்களுக்கு ஏழு ஏக்கர் களிமண் நிலம். குறுவை அறுவடை முடிந்து தாளடிக்கு வயலைத் தயார் செய்கிறோம். மழை பிடித்துக்கொண்டதால், இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோலைக் கட்ட முடியாமல் அது அப்படியே வயலில் கிடக்கிறது. 45 குதிரைத்திறன் டிராக்டரில் 6 அடி ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகள் கொண்ட உழவுக் கருவி) மாட்டி என் தம்பி உழுகிறான். நான்கு சுற்று வருவதற்குள் வைக்கோல் கத்திகளில் கயிறு போலச் சுற்றிக்கொள்கிறது. இன்ஜினை அணைக்காமலேயே இறங்கிப் போய் அரிவாளால் அறுத்து எடுக்கிறான். பி.டி.ஓ. (இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் சுழல் இணைப்பு) லீவரைத்தான் விலக்கிவிட்டேனே என்கிறான். பார்க்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வரப்போரத்தில் தூக்கித் திருப்பும்போது கடகடவென்று ஒரு சத்தமும் வருகிறது. இரண்டு முறை ஓட்டியும் அறுத்த நெல்லின் தாள் மண்ணுக்குள் போகாமல் மிதக்கிறது. எங்கே தவறு செய்கிறோம்?

மறுமொழி (நீடாமங்கலம்)

ஐயா, உங்கள் பதற்றம் நியாயமானது. முதலில் அதையே சொல்கிறேன். மண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம். லீவரை விலக்குவது மட்டும் போதாது. இறங்கும்போது காலோ வேட்டியோ பட்டு லீவர் மீண்டும் இணைந்துவிடக்கூடும். ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை விலக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கத்திகள் முழுவதும் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே அருகில் போக வேண்டும். தூக்கிய நிலையில் அடியில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால் கனத்த மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அதற்குக் கீழே கை நீட்டக் கூடாது.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், மூடி கழன்றுபோன தண்டின் பக்கம் நான் குனிந்தபோது தோளில் கிடந்த துண்டின் நுனி அதில் பட்டது. இழுப்பதை உணர்ந்து நிமிர்வதற்குள் துண்டு முழுவதும் போய்விட்டது. நைந்த பழந்துண்டு என்பதால் கிழிந்து தப்பினேன். புதுத்துண்டாக இருந்திருந்தால் கழுத்தோடு இழுத்திருக்கும். அன்றிலிருந்து வண்டியில் ஏறினால் துண்டும் இல்லை, தொங்கும் வேட்டியும் இல்லை. தண்டின் பிளாஸ்டிக் மூடியைத் தயவுசெய்து கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

அந்தச் சத்தம் பெரும்பாலும் தண்டின் இணைப்பிலிருந்து வருவதுதான். சுழன்றுகொண்டிருக்கும்போதே உயரத் தூக்கினால் தண்டின் கோணம் கூடி, சிலுவை இணைப்பு அடி வாங்குகிறது. திரும்பும்போது பி.டி.ஓ.வை விலக்கிவிட்டு, கத்தி மண்ணை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். தண்டைக் கழற்றி மாட்டும்போது அதன் இரு முனைகளிலும் சிலுவை இணைப்பைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாறி அமைந்திருந்தால் சமநிலத்திலும் அதிரும். வரப்பு தாண்டும்போது சுழற்சியை நிறுத்தி, முழுவதும் தூக்கி, வரப்புக்கு நேர் குறுக்காக மெதுவாகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் வண்டி ஒரு பக்கம் சரியும்.

தாள் மிதப்பதற்குக் காரணம், வயலில் தண்ணீர் அதிகமாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். சேறு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வடித்துவிட்டு, லோ கியரில், பின் பலகையை இறக்கிவிட்டு ஓட்டினால் தாள் மடங்கும். வைக்கோல் குவியலாகக் கிடக்கும் இடத்தை முதலில் ஆள் விட்டுப் பரப்பிவிடுங்கள். சுற்றிக்கொள்வது குறையும். முனை மழுங்கிய கத்தி வைக்கோலை வெட்டாமல் இழுத்துச் சுற்றும் என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி (ஒரத்தநாடு)

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூன்றாவது முறை, நான்காவது முறை என்று ஓட்டி மண்ணைக் கூழாக்க வேண்டாம். எங்கள் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் மணற்பாங்கான நிலம் பல இருப்பதால் நீர் நிற்கச் சேறு கூடுதலாக வேண்டியிருக்கும். உங்கள் களிமண்ணுக்கு அது தேவையில்லை. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டரை மட்டுமே ஓட்டினால் அந்த ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப்போகும். கோடையில் ஒரு முறையாவது உளிக் கலப்பையால் ஆழ உழுதுவிடுங்கள். இன்னொன்று: பச்சை வைக்கோலை மடக்கிய மறுநாளே நட்டுவிடாதீர்கள். அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்வதால் இளநாற்று வெளுத்து நிற்கும். இயன்றவரை சில நாள் ஊறவிடுங்கள்.

வண்டி சேற்றில் புதைந்தால் முன்பக்கமாக வலிந்து எடுக்கவே கூடாது. பின் சக்கரம் பிடித்துக்கொண்டு முன்பக்கம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடக்கூடும். ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியை அழைத்துவிடுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் பழக்கம் நம் ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. அது கூடாது என்பதையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை இருவரும் சேர்ந்து தண்டைக் கழற்றிப் பார்த்தோம். கவைகள் மாறித்தான் அமைந்திருந்தன. சரிசெய்ததும் சத்தம் பெரிதும் குறைந்துவிட்டது. தண்ணீரை வடித்து இரண்டு மா நிலம் (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்) ஓட்டியதில் தாள் நன்றாகவே மடங்கியது. துண்டு பற்றி நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் தன் துண்டை அவிழ்த்து வரப்பில் வைத்துவிட்டு ஏறினான். எங்கள் தண்டுக்கும் மூடி இல்லை. நாளை மன்னார்குடியில் வாங்கி மாட்டிய பிறகுதான் மீதி நிலத்தில் இறக்கப் போகிறோம்.